லச்சம் வரகுக் கல்ச்சர்

(உரும்பிராயில் ஒரு வாசிகசாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு வாசலிலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்: "மாஸ்ரர், இது கமக்காரர் கூட்டமோ, இங்கிலீசுக் கூட்டமோ?" இரண்டும்தான். நான் முப்பத்து மூன்று வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன். அந்த முப்பத்து மூன்று வருடத்தில் விளங்காத ஒன்று, ஓய்வுபெற்ற பிறகு ஒரு காணி உறுதியைப் பார்த்துத்தான் விளங்கியது. அதைச் சொல்லவே வந்தேன்.

போன மாசியில் ரொறன்ரோவிலிருந்து என் மருமகன், தங்கச்சியின் மகன், கைபேசியில் ஒரு படம் அனுப்பினான். 1941ஆம் ஆண்டு எழுதின சீதன உறுதி. என் அம்மம்மா என் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது. உரும்பிராயில் தோட்டக் காணி ஒன்று, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை. படத்தில் ஓரிடத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தான். ஆங்கிலத்தில் எல்.எம்.எஸ். 10, வீ.சி., குளி 9 என்று இருந்தது. பின்னாலேயே குரல் செய்தி: "மாமா, எங்கட காணிக்கு விக்ரோறியா குறொஸ் குடுத்தவங்களே? இல்லாட்டி பூட்டி ஆரும் வைஸ் சான்சலரா இருந்தவவோ?"

சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகுதான் யோசித்தேன், இந்தக் கேள்வியை அவன் கேட்காமல் வேறு யார் கேட்பது? எல்.எம்.எஸ். என்றால் லச்சம். ஊரில் நாங்கள் பரப்பு என்கிறோம். பதினெட்டுக் குளி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீ.சி. என்றால் வரகுக் கல்ச்சர். பக்கத்து வயல் உறுதியைப் பார்த்தால் பி.சி. என்று இருக்கும். அது நெற்கல்ச்சர், ஆங்கிலத்தில் 'பாடி கல்ச்சர்'. எங்கள் முன்னோர் நிலத்தை விதைப்பை வைத்து அளந்தார்கள். ஆகவே எந்தப் பயிரின் கணக்கு என்று சொல்லாமல் அளவைச் சொன்னால் அது அரை அளவுதான். வரகுக் கணக்கு வேறு, நெற்கணக்கு வேறு. ஒரு எழுத்து மாறினால் வேலி நகரும்.

இப்போது அந்தக் கல்ச்சர் என்ற சொல்லைப் பாருங்கள். இன்று அதைக் கேட்டதும் எங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நடன அரங்கேற்றம், கோயில் திருவிழா, வெளிநாட்டில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது மண்வெட்டியோடுதான். லத்தீனில் கல்த்தூரா என்றால் உழுது பயிரிடுதல். பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதே பொருள். பிறகு மனதை உழுவதற்கும் அதே சொல்லை இரவல் வாங்கினார்கள். மத்தியூ ஆர்னோல்டு 1869இல் ஒரு புத்தகத்துக்கே தலைப்பில் அதை வைத்தார். 1871இல் டைலர் என்ற மானிடவியலாளர் ஒரு சனக்கூட்டத்தின் முழு வாழ்க்கைமுறைக்கும் அதையே பெயராக்கினார். அதோடு மண் உதிர்ந்துவிட்டது. அக்றிக்கல்ச்சர், ஹோற்றிக்கல்ச்சர் என்ற கூட்டுச்சொற்களின் வாலில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழிலும் இதே கதைதான். பண்பாடு என்ற சொல்லை ரசிகமணி டி.கே.சி. உருவாக்கித் தந்தார் என்பார்கள். அவர் எடுத்த வேரும் நிலத்தின் வேர்தான். கொத்திப் பண்படுத்திய நிலம் என்று எங்கள் கமக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆகவே என் மருமகனுக்கு நான் எழுதினேன்: 'தம்பி, உனக்குப் பத்துப் பரப்பும் ஒன்பது குளியும் கல்ச்சர் இருக்கிறது. வரகு மட்டும் இல்லை.' உண்மையும் அதுதானே. இந்தச் செம்மண்ணில் புகையிலை வந்தது, வெங்காயம் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, வாழை வந்தது. வரகை இன்று கடையில் பைக்கற்றில்தான் காண்கிறோம். ஆனால் உறுதியில் அது இன்னும் விளைந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் என் விஷயம் தொடங்குகிறது. பழைய ஆங்கிலச் சொல் என்றால் எல்லோரும் இங்கிலாந்தை நினைக்கிறார்கள். அங்கே ஒரு சொல் பழசானால் அகராதியில் அதற்குப் பக்கத்தில் வழக்கொழிந்தது என்று ஒரு குறி போட்டுவிடுவார்கள், கதை முடிந்தது. இங்கே அப்படியில்லை. இங்கே அந்தச் சொல்லில் காணி தொங்குகிறது. காணி கைமாறும்போதெல்லாம் முன்னைய உறுதியைப் பார்த்து அடுத்த உறுதியை எழுதுகிறார்கள். சொல் செத்துப்போக வசதியில்லை.

அந்த உறுதியின் முதல் வரிக்கே போவோம். 'நோ ஓல் மென் பை தீஸ் பிறெசன்ற்ஸ்.' நான் பத்து வயதில் இதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அம்மாவிடம் போய், "அம்மம்மா உங்களுக்குப் பிறெசன்ற் எல்லாம் தந்திருக்கிறா எண்டு எழுதியிருக்கு" என்றேன். அம்மாவும், "ஓமடா, காணி தந்தவதானே" என்றா. இரண்டு பேருக்கும் பிழை, ஆனால் கணக்குச் சரியாக வந்துவிட்டது. பிறெசன்ற்ஸ் என்பது இங்கே அன்பளிப்பு அல்ல. இதோ முன்னால் இருக்கிற இந்தப் பத்திரம். லத்தீனில் எழுதிய காலத்துப் பத்திரங்கள் 'நோவெரின்ற்' என்ற சொல்லோடு தொடங்கும், அறிவார்களாக என்று பொருள். எலிசபெத் மகாராணி காலத்து லண்டனில் பத்திரம் எழுதிப் பிழைக்கிற எழுத்தர்களுக்கே நோவெரின்ற் என்று பட்டப்பெயர் இருந்தது. அந்த லத்தீன் வாசகத்தை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைக் கப்பலில் ஏற்றி, கடைசியில் உரும்பிராய்த் தோட்டக் காணிக்கு முன்னால் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அதையே எங்கள் நொத்தாரிசுமார் 'இதனால் சகலரும் அறிவதாவது' என்று தமிழாக்கினார்கள். நல்ல தமிழாக்கம். அதில் பரிசும் இல்லை, குழப்பமும் இல்லை.

அடுத்த வரியில் காணி எங்கே இருக்கிறது என்று சொல்லப்படும். கிராமம், பிறகு பாரிஷ், பிறகு வலிகாமம் கிழக்குப் பிரிவு, பிறகு யாழ்ப்பாண மாவட்டம், வட மாகாணம். பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்தின் குருவானவருக்குப் பொறுப்பான எல்லை. தமிழ் உறுதிகளில் அது கோயிற்பற்று. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைத் தேவாலய எல்லைகளாகப் பிரித்தார்கள், ஒல்லாந்தர் அதையே வைத்துக்கொண்டார்கள், ஆங்கிலேயர் அதற்குத் தங்கள் ஊர்ச் சொல்லைப் போட்டார்கள். பக்கத்துக் கோப்பாயும் அப்படித் தேவாலயம் இருந்த இடங்களில் ஒன்று. எங்கள் ஊர்க் கருணாகரப் பிள்ளையாருக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்து கையெழுத்து வைத்தவரின் காணியும் ஒரு பாரிஷுக்குள்தான் கிடக்கிறது. அவருக்கு அது ஒரு தொந்தரவாகவும் இருக்கவில்லை. கோயிற்பற்று என்று தமிழில் வாசிக்கும்போது கோயில் யாருடையது என்று யார் கேட்டார்கள்?

சரி, இந்த உறுதியை எழுதியவர் யார்? அம்மா சொல்லுவா, "பிறக்கிராசியார் எழுதினவர்." இந்தச் சொல்லில் நான் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன். அவசரமுள்ளவர்கள் தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

பிறக்கிராசி என்று நாங்கள் சொல்வது, வாசல் மதிலில் பித்தளைப் பலகையில் 'புறொக்ரர், எஸ்.சி., அன்ட் நோட்டரி பப்ளிக்' என்று எழுதியிருந்தவரை. ஒருவர் சார்பில் காரியம் பார்ப்பவருக்கு லத்தீனில் புறொக்கியூறாற்றர் என்று பெயர். ஆங்கிலேயர் அதை வாய்க்குள் போட்டு மென்று புறொக்ரர் ஆக்கினார்கள். போர்த்துக்கேயரின் புறொக்குறதோர், அதிலிருந்து வந்த சிங்களத்தின் பெரக்கதோறுவா, எங்கள் பிறக்கிராசி, எல்லாம் ஒரே வேரில் வெடித்த கிளைகள். இங்கிலாந்தில் புறொக்ரர் என்றால் எல்லா வழக்கறிஞரும் அல்ல. தேவாலய நீதிமன்றத்திலும் கடல்சார் நீதிமன்றத்திலும் வழக்காடுகிறவர்களின் காரியத்தைப் பார்ப்பவர் மட்டும். மரணசாசனம், விவாகம், கப்பல் மோதல் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்றும் அவர்களிடம். சார்ள்ஸ் டிக்கன்ஸின் டேவிட் கொப்பர்ஃபீல்ட் 1849இலும் 1850இலும் தொடராக வந்தது. அதன் நாயகனை அப்படி ஒரு கந்தோரில் தொழில் பழக விடுகிறார்கள். தொழில் பழகப் போவதற்கு முன் அவனே தன் சிநேகிதனிடம், புறொக்ரர் என்றால் என்ன என்று கேட்கிறான். அந்தக் காலத்து லண்டன்காரனுக்கே விளக்கம் தேவைப்பட்ட சொல் அது. 1857இல் மரணசாசன வழக்குகளையும் விவாகரத்தையும் தேவாலயத்திடமிருந்து பறித்தார்கள். 1873இல் வந்த சட்டம் அற்றோணி, சொலிசிற்றர், புறொக்ரர் மூன்று பேரையும் ஒரே கூடைக்குள் போட்டு, இனி எல்லோரும் சொலிசிற்றர் என்றது.

இங்கே? இங்கே அந்தச் சொல்லுக்கு இன்னும் நூறு வருட ஆயுள் இருந்தது. விவகாரத்தை எடுத்து நடத்துகிறவர் பிறக்கிராசி, மன்றில் எழுந்து பேசுகிறவர் அப்புக்காத்து. அப்புக்காத்து ஒல்லாந்தச் சொல். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் இரண்டு பேரையும் ஒன்றாக்கியது, 1974 தை முதலாம் திகதியிலிருந்து. ஆங்கிலத்தில் வைத்த புதுப் பெயர் என்ன தெரியுமோ? அற்றோணி அற் லோ. இங்கிலாந்து 1873இல் வேண்டாம் என்று தூக்கி எறிந்த சொல்லை, சரியாக நூறு வருடம் கழித்து, நாங்கள் 1973இல் புதிது என்று எடுத்துக்கொண்டோம். அங்கே அற்றோணி என்றால் சூழ்ச்சிக்காரன் என்ற கெட்ட வாடை அந்தச் சொல்லில் ஏறிப் போயிருந்தது. சட்டமா அதிபரின் ஆங்கிலப் பதவிப் பெயரிலும் அற்றோணித் தத்துவத்திலும் மட்டும் அது மிஞ்சியது. தமிழில் சட்டத்தரணி என்று அழகான சொல் வந்தது. ஆனாலும் என் அம்மா இறக்கும்வரை பிறக்கிராசியார்தான். பேரன் சட்டக் கல்லூரிக்குப் போனபோதும் "பிறக்கிராசிக்குப் படிக்கிறான்" என்றுதான் அயலுக்குச் சொன்னா.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல் பிஸ்கால். கடன் கட்டாவிட்டால் பிஸ்கால் வருவான் என்று பயப்படுத்துவார்கள். லத்தீனில் பிஸ்கஸ் என்றால் பின்னிய கூடை, பிறகு பணக்கூடை, பிறகு அரச திறைசேரி. ஒல்லாந்தரிடம் பிஸ்கால் என்பவர் அரசுக்காக வழக்குத் தொடுக்கிற பெரிய உத்தியோகத்தர். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே அவர் நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றுபவராக, காணியைச் சீல்வைத்து ஏலத்தில் விடுகிறவராக இறங்கிவிட்டார். ஸ்கொட்லாந்துக்குப் போனால் இன்றும் அரச வழக்குத் தொடுநரின் பெயர் புறொக்கியூறாற்றர் பிஸ்கல். எங்கள் பிறக்கிராசியும் எங்கள் பிஸ்காலும் ஒரே ஆளுக்குள் கைகோத்து நிற்கிறார்கள்! எடின்பரோவில் இருக்கிற உரும்பிராய்ப் பிள்ளை யாராவது நீதிமன்ற வாசலில் அந்தப் பலகையைக் கண்டால் ஊர் ஞாபகம் வரட்டும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இன்றைய பேச்சில் பாரமான சொல். மலபார்.

தேசவழமை உங்களுக்குத் தெரியும். ஒல்லாந்து ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி எங்கள் வழக்கங்களைத் தொகுத்து 1707இல் முடித்தார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்வையிட்டுச் சரி என்றார்கள். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். யாருக்கு அந்தச் சட்டம்? அங்கே எழுதியிருப்பதன் பொருள்: யாழ்ப்பாண மாகாணத்தின் மலபார்க் குடியிருப்பாளருக்கு.

மலபார் என்றால் இன்று கேரளத்தின் வடக்குப் பக்கம். யாழ்ப்பாணத்தானை ஏன் மலபார் என்றார்கள்? 1498இல் வாஸ்கோ ட காமா வந்து இறங்கியது கோழிக்கோட்டில். முதல் கண்ட கரையின் பெயரை வைத்தே அடுத்த கரை ஆட்களையும் அவர்கள் மொழியையும் போர்த்துக்கேயர் அழைத்தார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் போர்த்துக்கேயத் தலைப்பில் மொழியின் பெயர் மலவார் என்றும் தமுல் என்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. 1779இல் பப்ரீசியஸ் சென்னையில் வெளியிட்டது தமிழ் ஆங்கில அகராதி. அதன் பெயரோ மலபார் ஆங்கில அகராதி. ஐரோப்பியர் மலபார் என்று அழைக்கிற தமிழ்மொழி என்று தலைப்பிலேயே விளக்கமும் கொடுத்தார் பாவம். பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர நகர ஆங்கிலேயர் தமிழர் என்று எழுதப் பழகிவிட்டார்கள். 1911இன் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தமிழர் என்றுதான் சொல்கிறது. ஆனால் 1806இன் சொல்லை ஒருவரும் அழிக்கவில்லை.

அது கிடந்தால் என்ன என்று நினைப்பீர்கள். சீதனமும் முதுசொமும் தேடிய தேட்டமும் யாருக்கு எப்படிப் போகும் என்ற வழக்குகளில், செத்தவர் மலபார்க் குடியிருப்பாளரா என்பதுதான் முதல் கேள்வி. மலபார் என்பது இங்கே யாழ்ப்பாணத் தமிழர்தான் என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. அடுத்த சொல் குடியிருப்பாளர். கொழும்பில் உத்தியோகம் பார்த்து, அங்கே வீடு கட்டி, அங்கேயே கண் மூடியவர் யாழ்ப்பாணக் குடியிருப்பாளரா? அவருடைய நிரந்தர வீடு எது, திரும்பி வரும் எண்ணம் இருந்ததா என்று சாட்சி கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது, யாழ்ப்பாண மாகாணம். 1833இலிருந்து அது வட மாகாணம்.

சேர்த்துப் பாருங்கள். மலபார் அல்லாத மலபார், இல்லாத ஒரு மாகாணம், ரொறன்ரோவில் பனி வழித்துக்கொண்டிருக்கிற குடியிருப்பாளர். இந்த மூன்றையும் வைத்துத்தான் என் மருமகனுக்குக் கிணற்றுப் பங்கு எப்படி வரும் என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டும். அகராதிக்காரருக்கு மலபார் ஒரு பழைய சொல். சட்டத்தரணிக்கு அது நேற்று வந்த வழக்கு.

பழைய பத்திரங்களை வாசிக்கிற இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வார்த்தை. மலபார் என்று கண்டவுடன் இவர்கள் எல்லோரும் கேரளத்திலிருந்து வந்தவர்கள் என்று கட்டுரை எழுத வேண்டாம். எழுதுகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். எங்கள் உடுப்பிலும் சமையலிலும் மலையாளச் சாயல் இருக்கிறதா என்பது தனியாகப் பேசவேண்டிய விஷயம். அதற்கு இந்தச் சொல் சாட்சி சொல்லாது.

சட்டத்தை விடுவோம். தெருவுக்கு வருவோம்.

சின்ன வயதில் காய்ச்சல் என்றால் எங்களை அப்போதிக்கரி ஐயாவிடம் கூட்டிப் போவார்கள். அவர் முழு டொக்ரர் அல்ல. அரசாங்கம் பயிற்றி அனுப்பிய, டொக்ரருக்கு ஒரு படி கீழான உத்தியோகத்தர். ஊருக்கு அவர்தான் டொக்ரர். இங்கிலாந்தில் அப்போதிக்கரிமார் முதலில் பலசரக்குக்காரரோடு ஒரே சங்கத்தில் இருந்தவர்கள். 1617இல் பிரிந்து தனிச் சங்கம் வைத்தார்கள், 1815இல் அவர்களுக்கென்று சட்டம் வந்தது, பிறகு அந்தப் பெயரையே விட்டுவிட்டுப் பொது வைத்தியர் ஆகிவிட்டார்கள். அங்கே பெயர் போன பிறகும் இலங்கையில் அது சம்பளப் பட்டியலில் இருந்தது. இந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் அர்த்தம் களஞ்சியம்.

அதே களஞ்சியத்திலிருந்து போர்த்துக்கேயத்தின் வழியாக வந்த இன்னொரு சொல் பூட்டிக். பழைய இலங்கை ஆங்கிலத்தில், பொலிஸ் முறைப்பாட்டிலும் சாட்சியத்திலும், பூட்டிக் என்றால் தெருவோரப் பெட்டிக்கடை. தேத்தண்ணிக்கடைக்கு ரீ பூட்டிக். வாழைக்குலை தொங்கும், கயிற்று நுனியில் நெருப்புக் கனன்றுகொண்டிருக்கும், பொரிவிளாங்காய் போத்தலில் இருக்கும். இன்று கொழும்பில் பூட்டிக் என்று பலகை போட்ட கடைக்குள் போனால் ஒரு சட்டையின் விலையைப் பார்த்து வெளியே வரவேண்டியதுதான். அந்தப் பூட்டிக் பாரிசிலிருந்து ஆகாயவிமானத்தில் வந்தது. ஒரே சொல், இரண்டு தரம் இறங்குமதி.

கச்சேரியில் காசு வாங்குகிறவரைச் சிறாப்பர் என்போம். ஷ்றொஃப் என்ற ஆங்கிலத்தின் உருவம் அது. அரபியில் சர்றாஃப் என்றால் நாணயம் மாற்றுபவர். இங்கிலாந்தில் இது ஒருவருக்கும் தெரியாது. ஹொங்கொங்கில் வாகனத் தரிப்பிடத்தில் காசு கட்டுகிற இடத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். அங்கே போன என் பழைய மாணவன் ஒருவன் படம் எடுத்து அனுப்பினான், "சேர், கச்சேரிச் சிறாப்பர் இஞ்ச நிக்கிறார்" என்று எழுதி.

விதானையாரை நான் சொல்லாமல் விட்டால் கோபிப்பீர்கள். 1963இல் கிராமத் தலைமைக்காரர் முறை போய்க் கிராம சேவகர் வந்தார், இப்போது கிராம அலுவலர். ஊருக்கு அவர் இன்றும் விதானையார். அது ஆங்கிலச் சொல் அல்ல என்பதால் இன்றைக்கு அவருக்கு இவ்வளவுதான்.

எதிர்த்திசையிலும் பாதை ஓடியது. எங்கள் சொற்கள் அங்கே போய்க் கிழடாகியிருக்கின்றன. செறூட் என்ற ஆங்கிலச் சொல் எங்கள் சுருட்டு. கிப்ளிங் 1890இல் பர்மாவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற பாட்டில் வரும் பெண் செறூட் குடிக்கிறாள். இன்று லண்டனில் அந்தச் சொல்லைச் சொன்னால் பழைய சினிமாவில் வரும் மீசைக்காரத் துரைதான் நினைவுக்கு வருவார். இங்கே அது சினிமா அல்ல. இந்த மண்ணின் புகையிலை திருவாங்கூருக்குக் கப்பல் ஏறிய காலம் ஒன்று இருந்தது. சுருட்டுக் கொட்டிலில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக இருந்து சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். கை வேலையில், காது உலகத்தில். வாசிகசாலைக்கு வராதவர்களின் வாசிகசாலை அது.

காசு இன்னும் வேடிக்கை. ஆங்கிலத்தில் காஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் பணப்பெட்டி, பிறகு பணம். மற்றது எங்கள் காசு போர்த்துக்கேயர் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது. சென்னையில் கும்பனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாக இருந்ததால் ஒன்று மற்றதை விழுங்கிவிட்டது. விழுங்கப்பட்டது எங்களுடையது.

கஞ்சிக்கும் இரண்டு வாழ்க்கை. பழைய ஆங்கிலத்தில் கொஞ்சீ என்றால் விடைபெறும்போது குனிந்து போடுகிற வணக்கம், பிரெஞ்சு வழி வந்தது, இப்போது செத்துவிட்டது. எங்கள் கஞ்சி அதே எழுத்துக்களில் உயிரோடு இருக்கிறது, சீன உணவகத்துப் பட்டியலில்கூட. யூலும் பேர்னலும் தொகுத்து 1886இல் வந்த ஹொப்சன் ஜொப்சன் அகராதியில் கஞ்சி ஹவுஸ் என்று ஒரு பதிவு இருக்கிறது. பட்டாளத்துக் காவற்கூண்டு என்று பொருள். உள்ளே போட்டவனுக்குக் கொடுத்தது கஞ்சி. பேர்னல் தஞ்சாவூர்ப் பக்கம் நீதிபதியாக இருந்தவர். எத்தனை பேருக்குத் தானே கஞ்சி ஹவுஸ் காட்டினாரோ!

அகராதி என்றவுடன் எங்கள் பக்கத்து ஊரைச் சொல்லாமல் போகக்கூடாது. 1862இல் வின்ஸ்லோ சென்னையில் அச்சிட்ட பெரிய தமிழ் ஆங்கில அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள். அதற்கான சொற்சேகரிப்பைத் தொடங்கியவர் நல்லூரில் இருந்த ஜோசப் நைற் என்ற பாதிரியார். இங்கிருந்து சைக்கிளில் கால் மணி நேரம். அதன் தலைப்பில் உயர் தமிழும் தாழ் தமிழும் என்று இருக்கிறது. தாழ் என்பதற்கு லோ. சிலருக்கு இதைக் கண்டால் கோபம் வரும். ஒல்லாந்தரின் நாட்டையும் ஆங்கிலேயர் லோ என்றுதான் சொன்னார்கள், தரை தாழ்வு என்பதால். இங்கே அது பேச்சுவழக்கு. ஆனால் முழுதாக வெள்ளைபூச நான் வரவில்லை. அந்தக் காலத்தில் அந்தச் சொல்லில் கொஞ்சம் மேட்டிமையும் கலந்துதான் இருந்தது. அது எங்கள் பண்டிதர்களிடமும் இருந்தது.

மறுபடி உறுதிக்கு வருகிறேன். அம்மா உறுதியை வைத்திருந்த பிஸ்கற் பேணிக்குள் அதோடு இன்னும் இரண்டு கடதாசி இருந்தன. ஒன்று அம்மாவின் விவாகப் பதிவு. அதில் ஆங்கிலத்தில் ஸ்பின்ஸ்ரர் என்று. நூல் நூற்பவள் என்பது சொல்லின் உடம்பு. கலியாணமாகாத பெண் வீட்டில் இருந்து நூற்றாள், அதனால் பதினேழாம் நூற்றாண்டளவில் அதுவே சட்டப் பெயராயிற்று. பிறகு ஏச்சாகவும் ஆயிற்று. இங்கிலாந்தும் வேல்சும் 2005இல்தான் விவாகப் பதிவேட்டிலிருந்து அதை எடுத்தன. அம்மா ஒருநாளும் நூல் நூற்றதில்லை. கிடுகு பின்னியிருக்கிறா. மற்றது ஐயாவுக்கு வந்த கடித உறை. பெயருக்குப் பின்னால் எஸ்குவயர். பிரபுவின் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற வாலிபன் என்று ஆதியில் பொருள். ஐயா பள்ளிக்கூட வாத்தியார், தூக்கியது குடை. ஆனால் அந்தச் சொல் இல்லாத உறை வந்தால் இரண்டு நாள் அதைப் பிரிக்காமல் வைத்திருப்பார் என்று அம்மா சொல்லுவா.

1995 ஐப்பசி முப்பதாம் திகதி இரவு, போருக்கு அஞ்சி, வலிகாமமே எழுந்து நடந்தது உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் நடந்தீர்கள். மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லை. அம்மாவுக்கு அப்போது எழுபத்தைந்து வயது. நகையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, பிஸ்கற் பேணியைப் பொலித்தீனில் சுற்றித் தன் மடிக்குள் வைத்துக்கொண்டு வந்தா. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வாங்கில் வைத்துத் திறந்து பார்த்தோம், ஒரு மூலை மட்டும் நனைந்திருந்தது. அந்த ஈரத்தின் வட்டம்தான் ரொறன்ரோவில் எடுத்த படத்திலும் தெரிகிறது.

மருமகன் கடைசியாகக் கேட்டது அந்த மூலையைப் பற்றித்தான். கையெழுத்துக்குப் பக்கத்தில் நொத்தாரிசு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: கையெழுத்து வைத்தது 'இன் ரமில் கறக்ரேர்ஸ்'. "மாமா, தமிழ்க் குணத்தோட சைன் பண்ணினவவோ?" என்றான். கிரேக்கத்தில் அந்தச் சொல் உலோகத்தில் பதிக்கிற அச்சு. ஆங்கிலத்தில் முதலில் அது குறியும் எழுத்தும்; ஆளின் குணம் என்று ஆனது பதினேழாம் நூற்றாண்டில். தமிழ் எழுத்தில் கையொப்பமிட்டார் என்பதுதான் நொத்தாரிசு எழுதியது. அதை அவனுக்குச் சொல்லிவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று பக்க ஆங்கில உறுதியில் அம்மம்மா எழுதியது தன் பெயர் மட்டும். நாலு எழுத்து. மூன்றாவது எழுத்தில் பேனையைக் கொஞ்சம் அழுத்தியிருக்கிறா, மை தேங்கி நிற்கிறது.